நாகசாகியும் மூடாத இடாப்பும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அக்கா எங்களிடம் கேட்டது மிகச் சிறிய விடயம். "நீங்கள் எட்டுப்பேரும் கப்பலிலை சுற்றுலா போனீங்களாம். அதைப்பற்றிப் பதினைஞ்சு நிமிசம் பகிடியாய்க் கதையுங்கோ" என்றார். நாங்களும் சம்மதித்தோம். பகிடிக்குக் குறைவில்லாத பயணந்தான் அது. ஆனால் எழுத இருந்தபோது, பத்து நாட் பயணத்தில் ஒரு நாள் மட்டுமே திரும்பத் திரும்ப வந்து நின்றது. அந்த ஒரு நாளைப் பற்றியே பேசப்போகிறோம். பதினைந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடினால் அக்கா மணியடிக்கக் கூடாது.

எங்களை அறிமுகப்படுத்த வேண்டும். நாங்கள் 1995 இல் இந்தப் பாடசாலையில் பதினோராம் வகுப்பில் இருந்தவர்கள். வாங்குகளின் வரிசைப்படி சொன்னால், முன்வாங்கில் இருந்த இருவரும் இன்று வைத்தியர்கள். இரண்டாம் வாங்குக்காரி வவுனியாவில் ஆசிரியை. நடுவாங்குகளில் இருந்து ரொறன்ரோவில் ஒரு கணக்காளர், மெல்பேணில் ஒரு பொறியியலாளர், லண்டனில் சொந்தமாகக் கடை நடத்தும் ஒருத்தி. கடைசி வாங்குக்காரர் இருவரும் இன்று எங்கள் எல்லோரையும்விட வசதியாக இருக்கிறார்கள். இதை எந்த ஆசிரியரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாற்பத்தைந்து வயது கடந்தபின், பிள்ளைகளையும் கணவன்மாரையும் விட்டுவிட்டு ஒருமுறையாவது ஒன்றாக எங்காவது போகவேண்டும் என்று தீர்மானித்து, யொக்கஹாமாவில் கப்பல் ஏறினோம். ஒருத்தி அரைக் கிலோ மிளகாய்த்தூள் கொண்டு வந்திருந்தாள். அது மூன்றாம் நாளே முடிந்துவிட்டது.

சித்திரை வருடப்பிறப்பு அன்று காலை எங்கள் கப்பல் நாகசாகித் துறைமுகத்துக்குள் நுழைந்தது. விடியவே குளித்துச் சேலை உடுத்து மேற்தளத்தில் ஒருவருக்கொருவர் கைவிசேஷம் கொடுத்துக்கொண்டோம். ஐந்து நாட்டுக் காசுகளில் கைவிசேஷம் வாங்கியது அதுவே முதற்தடவை.

நாகசாகித் துறைமுகம் மலைகளுக்கிடையே நீண்டு ஒடுங்கி உள்ளே போகிறது. வாயிலில் உள்ள பெரிய பாலத்தின் கீழாகக் கப்பல் நுழையும்போது புகைபோக்கி இடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இடப்பக்கம் முழுவதும் கப்பல் கட்டும் தளம். அங்கே 1909 இல் நிறுவிய ஒரு பாரந்தூக்கி இன்னும் நிற்கிறது. இரண்டாம் உலகப்போரில் உலகின் மிகப்பெரிய போர்க்கப்பல்களில் ஒன்றான 'முசாஷி' கட்டப்பட்டதும் இங்கேதான். இதைக் கேட்டதும் கடைசி வாங்குக்காரி ஒருத்தி, "எங்கடை அம்மம்மா 42 ஆம் ஆண்டு திருகோணமலையிலை இருந்து கையிலை ஒரு பெட்டியோடை ஓடி வந்தவ" என்றாள். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசின. ஏப்ரல் 5 இல் கொழும்பில் வீசின. நாங்கள் இறங்கப்போன ஊர் குண்டு வாங்கிய ஊர். குண்டு வீசிய நாட்டின் ஊருங்கூட. இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டே படி இறங்கினோம்.

கப்பல் நிற்கும் துறையிலிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் விரைவாக வெளியே வந்துவிட்டார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த எங்களுக்குக் கொஞ்சம் நேரமெடுத்தது. அது எங்களுக்குப் பழகிய விடயம். மாலை ஐந்து மணிக்குள் திரும்பவேண்டும் என்று சொல்லி விட்டார்கள்.

முதலில் போன இடம் தெஜிமா. சரித்திரப் பாடத்தில் ஒல்லாந்தர் காலத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது பார்க்கவேண்டிய இடம். 1636 இல் கடலை நிரவி விசிறி வடிவில் கட்டி முடித்த சின்னத் தீவு. எங்கள் கணக்கில் ஏறக்குறைய 60 பரப்பு. முதலில் போர்த்துக்கேயரை அதற்குள் அடைத்தார்கள். 1639 இல் அவர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். பின் 1641 முதல் 1859 வரை ஒல்லாந்தர் அங்கே இருந்தார்கள். கரையோடு இணைக்க ஒரேயொரு பாலம். அனுமதி இல்லாமல் அவர்கள் வெளியே காலெடுத்து வைக்க முடியாது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து எங்களை ஆண்டதும் இதே ஒல்லாந்தக் கம்பனிதான். இங்கே ஐங்கோணக் கோட்டை கட்டி அதிகாரம் செலுத்தியவர்கள், அங்கே 60 பரப்புக் காணிக்குள் கைகட்டி இருந்திருக்கிறார்கள். இப்போது சுற்றிவரக் கடல் நிரவப்பட்டு, தெஜிமா நகரத்தின் நடுவே இருக்கிறது. பழைய வீடுகளை மீளக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்து ஒரு வெதுப்பகத்தில் பசியாறினோம். அங்கே அவர்கள் 'பாண்' என்று சொன்னதைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பும் வியப்பும். அவர்களுக்கும் பாண், எங்களுக்கும் பாண். இருவருக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் போர்த்துக்கேயர். சட்டைப் பொத்தானும் அப்படியே. ஒரு கடலின் இரு கரையில் ஒரே வியாபாரி விட்டுப்போன சாமான்கள்.

வைத்தியர்களான எங்களுக்குத் தெஜிமாவில் வேறொரு ஈர்ப்பும் உண்டு. அங்கே கம்பனி வைத்தியர்களாக வந்தவர்கள் வழியாகவே மேலைத்தேய மருத்துவம் யப்பானுக்குள் போனது. துன்பேர்க் என்ற சுவீடன் நாட்டு வைத்தியர் 1775 இலும் 1776 இலும் அங்கே பணியாற்றிவிட்டு, 1777 இல் இலங்கைக்கு வந்து செடிகொடிகளைச் சேகரித்தார். 1823 இல் வந்த சீபோல்ட் என்ற ஜேர்மன் வைத்தியர் நகரின் மலையடிவாரத்தில் மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். யப்பானிய வரைபடங்களை வைத்திருந்த குற்றத்துக்காக 1829 இல் அவர் நாடுகடத்தப்பட்டபோது, அவருக்கும் ஒரு யப்பானியப் பெண்ணுக்கும் பிறந்த மகள் இனேக்கு வயது இரண்டு. தகப்பனின் மாணவர்களிடமே அந்தப் பிள்ளை மருத்துவம் படித்தாள். மேலைத்தேய மருத்துவம் கற்ற முதல் யப்பானியப் பெண் வைத்தியராக அவளைச் சொல்வார்கள். 1873 இல் அரச மாளிகைப் பிரசவத்துக்கே அழைக்கப்பட்டாள். பின்னர் மருத்துவருக்கான அரச பரீட்சை வந்தபோது, பெண்கள் அதை எழுதவே முடியாதிருந்தது. அந்தக் கதவு திறந்து 1885 இல் ஒகினோ கின்கோ என்ற பெண் சித்தியடைந்தபோது, இனேக்கு வயது ஐம்பத்தேழு. அவள் மருத்துவிச்சியாகத் தன் தொழிலைத் தொடர்ந்தாள். பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை இருந்ததால் வைத்தியரானவர்கள் நாங்கள். அது இல்லாமல் வைத்தியரானவளை நினைத்துப் பார்த்தோம்.

இனித்தான் சொல்லவேண்டிய பகுதி வருகிறது.

தெஜிமாவிலிருந்து ட்ராம் வண்டியில் வடக்கே உரக்காமிப் பக்கம் போகலாம். பின்கதவால் ஏறி, முன்கதவால் இறங்கும்போது காசைப் போடவேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். தரிப்பில் நிற்கும்போது இரண்டாம் வாங்குக்காரி, "நீங்கள் போட்டு வாங்கோ. நான் கப்பலுக்குப் போறன்" என்றாள்.

"ஏனடி, இவ்வளவு தூரம் வந்திட்டு?"

"நான் காணாத குண்டோ? காசு குடுத்து வந்து அதையும் பாக்கவேணுமோ?"

எங்களுக்கு மறுமொழி இருக்கவில்லை. அவள் சொன்னதில் பிழையுமில்லை. எங்களில் ஆறு பேர் உயர்தரத்தோடோ பல்கலைக்கழகத்தோடோ ஊரை விட்டவர்கள். அவள் விடாமல் இருந்தவள். 2009 வரை வன்னியிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கொட்டில்களில் படிப்பித்தவள். கடைசியில் லண்டன்காரி, "குண்டு பாக்க வேண்டாம். எங்களோடை வந்து வெளியிலை இரு. வருசப்பிறப்பண்டு தனியப் போகாதை" என்று கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

1945 ஓகஸ்ட் 9 காலை 11.02 மணிக்கு நாகசாகியின் வானில் அணுகுண்டு வெடித்தது. அந்த விமானம் முதலில் போனது கொக்குரா என்ற ஊருக்கு. அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. ஏறக்குறைய 240,000 பேர் இருந்த நகரில், அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 74,000 பேர். குண்டு வெடித்தது தரைக்கு ஏறக்குறைய 500 மீற்றர் மேலே. அதற்கு நேர்கீழே இப்போது ஒரு பூங்கா. நடுவில் ஒரு கறுப்புக் கல். பக்கத்து ஓடையோரம் அன்றைய மண்ணை வெட்டிக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். உடைந்த ஓடு, கோப்பைத் துண்டு, உருகிய கண்ணாடி. ஒரு வீட்டுக் குசினி. அவ்வளவுதான். வேலைக்கென்று கொண்டுவரப்பட்டு அங்கே இறந்த கொரிய மக்களுக்கும் அருகே ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

சற்று மேலே ஏறினால் அரும்பொருட்சாலை. அதை அடுத்து 2003 இல் திறந்த தேசிய நினைவு மண்டபம். மண்டபம் நிலத்துக்குக் கீழே. மேலே பார்த்தால் வட்டமான பெரிய நீர்த்தடாகம் மட்டுமே. இருட்டியபின் அந்தத் தண்ணீருக்குள் 70,000 சிறு விளக்குகள் எரியுமாம். எரிகாயத்தோடு தண்ணீர் கேட்டுக் கேட்டு இறந்தவர்களுக்காக அங்கே நினைவிடங்களில் தண்ணீர் வைக்கிறார்கள். எரிகாயத்துக்கு ஏன் அப்படித் தாகம் என்பதை நாங்கள் மாணவருக்குப் படிப்பிக்கிறோம். தோல் போனால் உடம்பின் நீர் நிற்காது. ஆனால் அந்தத் தடாகத்தின் முன் படிப்பு நினைவுக்கு வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவுதான் நினைவுக்கு வந்தது. நாவற்குழிப் பக்கம் அசையமுடியாத சனத்துக்குள், மழையைக் குடையைத் தலைகீழாய்ப் பிடித்து ஏந்தி, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் குடித்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் பாதிப்பேருக்கு அந்தத் தண்ணீரின் ருசி தெரியும்.

இரண்டாம் வாங்குக்காரி தடாகத்தின் விளிம்பில் இருந்துவிட்டாள். நாங்கள் கீழே இறங்கினோம்.

உள்ளே பன்னிரண்டு கண்ணாடித் தூண்கள் இரு வரிசையாகக் குண்டு வெடித்த திசையை நோக்கி நிற்கின்றன. அந்த வரிசையின் முடிவில் உயரமான ஒரு பெயர்த்தட்டு. இறந்தவர்களின் பெயர்ப்பதிவேடுகள் அதில் இருக்கின்றன. வேறு படங்களோ சத்தமோ இல்லை.

அந்தப் பதிவேட்டைப் பற்றி நாங்கள் அறிந்த ஒன்றைத்தான் இன்று உங்களிடம் கொண்டுவந்திருக்கிறோம். அது 1945 இல் மூடப்பட்ட பதிவேடு அல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 9 அன்று, அதற்கு முந்திய ஓராண்டில் காலமான, அன்றைய குண்டுக்கு உள்ளானவர்களின் பெயர்களையும் அதில் சேர்க்கிறார்கள். அன்றே எரிந்தவர், மறுமாதம் மயிர் உதிர்ந்து இரத்தம் கசிந்து இறந்தவர், பத்தாண்டு கழித்துப் புற்றுநோயில் இறந்தவர், எண்பது வயது கடந்து கட்டிலில் இறந்தவர் எல்லோரும் அதிலே உண்டு. 74,000 அளவில் இருந்திருக்கக்கூடிய பெயர்கள் இன்று ஏறக்குறைய இரண்டு இலட்சமாகிவிட்டன.

வைத்தியர்களுக்கு இது யோசிக்க வைக்கும் விடயம். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் நாங்கள் காரணம் எழுதுகிறோம். நியூமோனியா, மாரடைப்பு, காய்ச்சல். ஒரு சொல்லில் எழுதிக் கையெழுத்திட்டால் அந்த உயிரின் கணக்கு முடிகிறது. அந்த ஊர், காரணத்தின் காரணத்தையும் கணக்கில் வைத்திருக்கிறது.

மேலே வந்தபோது அவள் போத்தல் தண்ணீரைத் தடாகத்து விளிம்பில் வைத்துவிட்டு இருந்தாள். "உள்ளுக்கை என்ன இருக்கு?" என்று கேட்டாள். நாங்கள் சொன்னோம்.

"இப்பவும் பெயர் எழுதுகினமோ?"

"ஓம். ஒவ்வொரு வருசமும்."

"குண்டு பட்டுச் செத்தவை மட்டுமில்லையோ?"

"இல்லை. பிறகு எப்பிடிச் செத்தாலும்."

அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு ஒரு பெயரைச் சொன்னாள். இரண்டாம் வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளின் பெயர். இடம்பெயர்ந்து கிளாலிக் கடலால் வன்னிக்குப் போய், 1996 இல் அங்கே காய்ச்சலில் இறந்துபோனாள். மருந்து வந்துசேரவில்லை. பதினாறு வயது முடிந்து சில கிழமைகள். "அவள் குண்டிலை சாகேல்லை. அதாலை ஒரு இடத்திலையும் அவளின்ரை பெயர் இல்லை. எனக்கே அவளைச் சொல்ல உரிமையிருக்கோ எண்டு இவ்வளவு நாளும் தெரியேல்லை" என்றாள். முப்பது வருடமாக எங்களில் ஒருவரும் அந்தப் பெயரை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்களில் இரண்டு பேர் வைத்தியர்கள். காய்ச்சல் மட்டும் காரணமல்ல என்பதை அவளுக்குச் சொல்லவேண்டியவர்கள் நாங்கள். சொல்லியிருக்கவில்லை. அந்தத் தடாகத்தின் பக்கத்தில் சொன்னோம்.

அதன்பிறகு அவளும் எங்களோடு நடந்தாள். பழைய நாகசாகி மருத்துவக் கல்லூரியின் வாயிற்றூண் அருகே இருக்கிறது. குண்டின் வேகத்தில் சரிந்தது சரிந்தபடியே நிற்கிறது. அக்கல்லூரியில் மட்டும் ஆசிரியர், மாணவர், தாதியர் என்று ஏறக்குறைய 900 பேர் இறந்தார்கள். வகுப்பில் இருந்த மாணவர்கள் இருந்த இடத்திலேயே. அங்கே கதிரியக்கப் பிரிவில் இருந்த வைத்தியர் நாகாய் தகாஷி பற்றி நாங்கள் முன்பே வாசித்திருந்தோம். போர்க்காலத்தில் எக்ஸ்றே படச்சுருள் கிடைக்காததால் திரையில் நேரே பார்த்துப் பார்த்துச் சயரோகம் கண்டறிந்தவர். அதனாலேயே குண்டு விழுமுன்பே அவருக்கு இரத்தப் புற்றுநோய். மனைவியை அன்று இழந்தார். தானும் காயப்பட்டபடி காயக்காரரைப் பார்த்தார். கடைசிக் காலத்தை இரண்டு பாய் விரிக்கும் அளவான குடிலில் கழித்து, எழுதிக் கிடைத்த பணத்தில் ஊரெங்கும் நடுவதற்கு 1,000 செரிக் கன்றுகளும் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகசாலையும் கொடுத்தார். 1951 இல் இறக்கும்போது வயது 43. எங்களைவிடச் சிறியவர். அந்தக் குடில் இன்னும் இருக்கிறது. அங்கே போக எங்களுக்கு நேரம் போதவில்லை.

கடைசியாக ஆற்றைக் கடந்து ஷிரோயாமா என்ற ஆரம்பப் பாடசாலைக்குப் போனோம். குண்டு வெடித்த இடத்திலிருந்து 500 மீற்றர். அந்தப் பாடசாலையின் ஏறக்குறைய 1,500 பிள்ளைகளில் 1,400 பேரளவில் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விடுமுறைக் காலமானதால் பெரும்பாலும் வீடுகளில். எஞ்சிய ஒரு கட்டடத்தை நினைவிடமாக விட்டிருக்கிறார்கள். மற்றக் கட்டடங்களில் இன்றும் பாடசாலை நடக்கிறது. நாங்கள் போனபோது திங்கட்கிழமை மத்தியானம். பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உலகத்தின் எந்த மூலையிலும் பாடசாலைச் சத்தம் ஒன்றுதான்.

அங்கே சில செரி மரங்கள் நிற்கின்றன. பூ உதிர்ந்து இலை துளிர்த்திருந்தன. அவற்றைக் 'கயோகோ செரி' என்பார்கள். போர் முற்றியபோது அந்தப் பாடசாலைக் கட்டடத்தின் ஒரு பகுதிக்கு ஆயுதத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவைக் கொண்டுவந்து, மகளிர் உயர்பாடசாலை மாணவிகளை அங்கே வேலைக்கு விட்டார்கள். அவர்களில் ஒருத்தி கயோகோ. வயது பதினைந்து. தாய் பல நாள் தேடியே மகளின் உடலைக் கண்டெடுத்தார். 1949 இல் அந்தத் தாய், மகளுக்காகவும் அவளோடு இறந்த மற்றப் பிள்ளைகளுக்காகவும் அந்த வளவில் செரிக் கன்றுகளை நட்டார். தன் பிள்ளைக்கென்று மட்டும் நட்டிருந்தால் ஒரு கன்று போதும்.

1995 இல் எங்கள் வயதும் பதினைந்தும் பதினாறும்.

அன்று மாலை கப்பல் புறப்படும்போது துறையில் ஒரு பாடசாலைப் பிள்ளைகளின் வாத்தியக்குழு வந்து இசைத்து வழியனுப்பியது. சீருடைப் பிள்ளைகள் கையசைத்தார்கள். கப்பலில் எல்லோரும் படம் எடுத்தார்கள். நாங்கள் மேற்தளத்தின் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, கப்பலின் குறிப்புத்தாளில் எங்கள் வகுப்பு இடாப்பை நினைவிலிருந்து எழுதினோம்.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பாசிரியையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இன்னொரு பாடசாலையின் மரநிழலில் பின்னேர வகுப்பு நடந்தபோது, ரீச்சரிடம் இடாப்பு இருக்கவில்லை. அவர் ஒரு கொப்பியில் 38 பேரின் பெயரையும் மனதிலிருந்து எழுதினார். வந்திருந்தவர்கள் 17 பேர். ஒவ்வொரு நாளும் 38 பெயரையும் கூப்பிட்டார். வராதவர்களுக்கு வரவில்லை என்று அடையாளம் போடமாட்டார். கட்டத்தை வெறுமையாக விடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "அவை வருவினம். வரேக்கை இடம் இருக்கவேணும்" என்றார். அப்போது நாங்கள் அதை வயதுபோன ஆசிரியையின் பிடிவாதம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். நாகசாகியில் பார்த்த பதிவேட்டை எங்கள் ரீச்சர் ஒரு கொப்பியில் வைத்திருந்திருக்கிறார்.

கப்பல் மேசையில் 38 பெயரையும் எழுத எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் 29 பேர். மிகுதி ஒன்பது. அவர்களில் நான்கு பேர் உயிரோடில்லை என்பது நிச்சயம். ஒருத்தி காய்ச்சலில், ஒருத்தி வீதியில் செல் விழுந்து, ஒருத்தி 2009 இல், ஒருத்தி வெளிநாட்டில் மார்புப் புற்றுநோயில். மிகுதி ஐந்து பேர் எங்கே என்று தெரியாது. ஐந்தாவது பெயர் நினைவுக்கு வரவேயில்லை. முகம் வருகிறது, இரட்டைப் பின்னல் வருகிறது, பெயர் வரவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கணக்காளர் எழும்பி வந்து கதவைத் தட்டி அந்தப் பெயரைச் சொன்னாள். எட்டுப்பேரும் அழுதோம். பெயர் கிடைத்த சந்தோஷத்திலா, அதை மறந்திருந்த வெட்கத்திலா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அன்புக்குரியவர்களே, எங்கள் சங்கம் நூறு ஆண்டு கண்டுவிட்டது. இந்த நூற்றாண்டு மலரில் அதிபர்களுக்குப் பக்கங்கள் உண்டு. மாணவத் தலைவிகளுக்கும், பல்கலைக்கழகம் போனவர்களுக்கும், பட்டம் பதவி பெற்றவர்களுக்கும் உண்டு. எங்கள் இருவரின் படங்களும் ஒரு பக்கத்தில் இருக்கின்றன. அது மகிழ்ச்சிதான். ஆனால் இடாப்பில் பாதியில் வெறுமையாகிப்போன பெயர்களுக்கு ஒரு பக்கமும் இல்லை. இது செயற்குழுவின் பிழை அல்ல. அவர்கள் கேட்டபோது நாங்கள் யாரும் அந்தப் பெயர்களைக் கொடுக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். சங்கம் ஓர் இடாப்பை வைத்திருக்கட்டும். இந்தப் பாடசாலையில் படித்து, படிப்பு முடியுமுன்னோ பின்னோ எங்களை விட்டுப் போனவர்களின் பெயரும் வகுப்பும் ஆண்டும் அதில் எழுதப்படட்டும். குண்டிலா, கடலிலா, காய்ச்சலிலா, பிரசவத்திலா, யாரால், எந்தப் பக்கம் நின்று என்ற கேள்விகளை அந்த இடாப்பு கேட்க வேண்டாம். "எங்கள் பிள்ளை" என்பது போதும். எங்கிருக்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்கு, ரீச்சர் செய்ததுபோல, கட்டத்தை வெறுமையாக விடுவோம். பெயரை எழுதுமுன் வீட்டாரிடம் கேட்போம். இரண்டாம் வாங்குக்காரி சொன்ன பெயரை நாங்கள் இந்த மேடையில் சொல்லாததற்குக் காரணம் அதுதான். அவளின் அம்மா கிளிநொச்சியில் இருக்கிறார். அடுத்த கிழமை நாங்கள் போய்க் கேட்கப்போகிறோம்.

ஒரு அக்கா எங்களிடம் கேட்டார், "நல்ல நாளிலை ஏன் பிள்ளையள் இதை எடுக்கிறியள்?" என்று. நியாயமான கேள்வி. நாங்களும் வருடப்பிறப்பு நாளில் அதே கேள்வியோடுதான் ட்ராம் வண்டி ஏறினோம். நல்ல நாள் கெடவில்லை, அக்கா. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நாங்கள் அவளைப் பற்றி விழுந்து விழுந்து சிரித்தோம். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் தவளையைத் தப்பவிட்டவள் அவள். சங்கீத ரீச்சரின் குடையைத் தூக்கி மாமரத்தில் கொழுவியவளும் அவள்தான். முப்பது வருடம் பேசாமல் இருந்ததால் அந்தச் சிரிப்பையும் முப்பது வருடம் இழந்திருந்தோம்.

மண்டபத்தின் பின்பக்கம், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வரிசையாகக் கோடு போட்டது, எங்கள் காலத்து 120 பக்கக் கொப்பி. முதற்பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. போகும்போது ஒரு நிமிடம் நின்று போங்கள். இந்த மலரைத் தூரதேசங்களில் இருந்து வாசிக்கும் அக்காமாரும் தங்கைமாரும் சங்கத்துக்கு எழுதுங்கள். பெயர் முழுவதும் நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த ஆண்டு, எந்த வாங்கு என்று எழுதுங்கள். மிச்சத்தை யாராவது ஒருத்தி இரவு இரண்டு மணிக்கு எழும்பிச் சொல்லுவாள்.